கிட்லேப் குரூப் லேபிள்: பதினோரு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரே ஸ்டிக்கர், ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

நான் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனில டெஸ்டிங் பாக்குறேன். எங்க ப்ரோக்ராம் கோடு, இஷ்யூ (தப்பு, பாக்கி வேலைன்னு பதிஞ்சு வைக்கற சீட்டு) எல்லாமே கிட்லேப்ங்கற டூல்ல தான், அதுவும் ஆபீஸ் சர்வர்லயே போட்டு வச்ச ஃப்ரீ எடிஷன். மொத்தம் 11 ப்ராஜெக்ட், மொபைல் ஆப் ஒன்னு, வெப் ஒன்னு, பில்லிங் ஒன்னு, ரிப்போர்ட் ஒன்னு, மிச்சம் எல்லாம் யாரு எப்ப ஆரம்பிச்சாங்கன்னே தெரியாத குட்டி குட்டி சர்வீஸ். ஒரு ரிலீசுக்கு முந்தின நாள் மேனேஜர் வந்து "கிரிட்டிக்கல் எத்தனைமா ஓப்பன்ல இருக்கு?"ன்னு போற போக்குல கேட்டாரு. பதில் சொல்ல எனக்கு ஒன்னேகால் மணி நேரம் ஆச்சு.

எல்லா ப்ராஜெக்ட்டையும் உள்ள வச்சிருக்கற குரூப்போட பக்கத்துக்குப் போனா எல்லா ப்ராஜெக்ட் இஷ்யூவும் மொத்தமா வரும், அது தெரியும். ஆனா ஃபில்டர்ல எந்த லேபிள் (இஷ்யூ மேல ஒட்டற ஸ்டிக்கர்) பேரைப் போடுறது? ஒரு ப்ராஜெக்ட்ல கிரிட்டிக்கல் சின்ன எழுத்துல இருக்கு, இன்னொன்னுல முதலெழுத்து கேபிடல், மூணாவதுல ஸ்பெல்லிங்கே தப்பு, வெப் டீம் பி1னு வச்சிருக்காங்க, மொபைல்காரங்க ஷோஸ்டாப்பர், பில்லிங்ல அர்ஜென்ட்னு ஒன்னும் வெரி அர்ஜென்ட்னு ஒன்னும். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டா லேபிள் பக்கத்தைத் தொறந்து, இவங்க ஊர்ல கிரிட்டிக்கலுக்கு என்ன பேருன்னு கண்டுபிடிச்சு, எக்செல்ல எழுதி, கூட்டி, மேனேஜர்கிட்ட நம்பர் சொன்னா பின்னாடி இருந்து பில்லிங் பையன் "அக்கா, எங்க அர்ஜென்ட் எல்லாம் கிரிட்டிக்கல் இல்லக்கா, வெரி அர்ஜென்ட் மட்டும் தான்"னு சொல்றான். அன்னிக்கு சாயங்காலமே உக்காந்து குரூப் லேபிளை செட் பண்ண ஆரம்பிச்சேன். அதப் பத்தின ரிவ்யூ தான் இது.

எங்க வீட்டு சமையல் அலமாரில ஹார்லிக்ஸ் பாட்டில்ல கடுகு இருக்கும், காபித்தூள் டப்பால பெருங்காயம், மல்லித்தூள்னு எழுதின சம்படத்துல ரப்பர் பேண்டும் பழைய சாவியும். அம்மாவுக்கு எல்லாம் அத்துப்படி. அம்மா ஒரு வாரம் ஊருக்குப் போனா வீடே ஹோட்டல் சாப்பாடு தான். ப்ராஜெக்ட் லேபிள்னா அது தான், அந்தந்த டீமுக்கு சூப்பரா வேலை செய்யும், வெளி ஆள் உள்ள வந்தா தடுமாறணும்.

குரூப் லேபிள் ஒன்னும் புது விஷயம் இல்ல. 2016 அக்டோபர்ல 8.13 வெர்ஷன்லயே வந்துருச்சு, அதே வருஷம் ஆகஸ்ட்ல 8.11ல தான் இஷ்யூ போர்டு, அதாவது இஷ்யூவை லேபிள் வாரியா கார்டா அடுக்கிக் காட்டற திரை, வந்துச்சு. போர்டு வந்ததும் எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் பொதுவா ஒரு லேபிள் வேணும்னு எல்லாருக்கும் உறைச்சிருக்கும் போல. எங்களுக்கு உறைக்க இத்தனை வருஷம். எத்தனையோ தடவை அப்கிரேட் பண்ணியாச்சு, அந்த மெனுவைப் பாத்துட்டே தாண்டிப் போயிருக்கோம்.

விஷயம் ரொம்ப சிம்பிள். ப்ராஜெக்ட்டுக்குள்ள போகாம அதுக்கு மேல இருக்கற குரூப்புக்குப் போகணும், இடது பக்கம் மேனேஜுக்குள்ள லேபிள்ஸ்னு இருக்கும், அங்க பேரு, டிஸ்க்ரிப்ஷன், கலர் கொடுத்து சேவ் பண்ணா அந்த குரூப்ல இருக்கற எல்லா ப்ராஜெக்ட்லயும் அந்த லேபிள் வந்து நிக்கும், நாளைக்குப் புதுசா ஒரு ப்ராஜெக்ட் ஆரம்பிச்சாலும் தானா வரும். சப் குரூப் வச்சிருந்தா அதுக்குள்ள இருக்கற ப்ராஜெக்ட்டுக்கும் இறங்கும். மேல வச்சா கீழ வரும், கீழ வச்சா மேல போகாது, அவ்ளோ தான் கணக்கு. இஷ்யூவுக்கு மட்டும் இல்ல, மெர்ஜ் ரிக்வெஸ்ட்டுக்கும் (மாத்தின கோடை மெயின் கோடோட சேக்கச் சொல்லிக் கேக்கறது) அதே லேபிள் தான்.

இங்க ஒரு குழப்பத்தைச் சொல்லிடறேன், ஏன்னா எங்க அட்மின் அண்ணா இதுல தான் ரெண்டு வருஷமா ஏமாந்திருந்தாரு. சொந்த சர்வர்ல ஓட்டறவங்களுக்கு அட்மின் ஏரியாலயும் ஒரு லேபிள் பக்கம் இருக்கு. அங்க போட்டா எல்லாருக்கும் பொதுவாயிரும்னு அவர் நெனச்சிட்டு இருந்தாரு. அது அப்படி இல்ல. புதுசா ப்ராஜெக்ட் உருவாகும்போது அந்த லிஸ்ட்டை ஜெராக்ஸ் எடுத்து உள்ள வைக்கும், அதோட அதுக்கு வேலை முடிஞ்சது. அப்புறம் ஆளாளுக்கு ஜெராக்ஸ்ல பேனா வச்சுத் திருத்திக்கலாம், ஒரிஜினலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. எங்க 11 ப்ராஜெக்ட்ல நாலு இப்படி ஜெராக்ஸ்ல பொறந்து வேற வேற ஊருக்குப் போனதுங்க தான்.

சரி, நான் பண்ண தப்புக்கு வரேன். ஆர்வக்கோளாறுல முதல் நாளே குரூப்புக்குப் போய் பக் (bug, அதாவது ப்ரோக்ராம்ல இருக்கற தப்பு), கிரிட்டிக்கல், மேஜர், மைனர், எல்லாத்தையும் புதுசா உருவாக்கிட்டேன். கிட்லேப் தடுக்கல. அடுத்த நாள் காலைல வந்து பாத்தா டிராப் டவுன்ல பக் ரெண்டு நிக்குது, ஒன்னு ப்ராஜெக்ட்டோட பழைய பக், இன்னொன்னு நான் போட்ட குரூப் பக், கலர் மட்டும் வேற. ஜூனியர் பொண்ணு வந்து "அக்கா, நான் எந்த பக்கைப் போடணும்?"னு கேக்குறா, எனக்கே தெரியல. இதுல வேடிக்கை என்னன்னா தலைகீழா செஞ்சா கிட்லேப் தடுக்கும். குரூப்ல ஏற்கனவே இருக்கற பேர்ல ப்ராஜெக்ட்ல புது லேபிள் போடப் போனா, இந்தப் பேரு குரூப்ல இருக்கு, வேற பேரு வையின்னு சொல்லிடும். பழசு முன்னாடியே இருந்தா மட்டும் ரெண்டும் அக்கம் பக்கத்துல குடித்தனம் நடத்தும்.

அப்புறம் தான் ப்ரோமோட் பட்டனைப் பாத்தேன். இந்த ஃபீச்சர்லயே எனக்கு ரொம்பப் புடிச்சது இது தான், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். ப்ராஜெக்ட் லேபிள் பக்கத்துல ஒவ்வொரு லேபிளுக்கும் மூணு புள்ளி மெனு இருக்கும், அதுல குரூப் லேபிளா ப்ரோமோட் பண்ணுன்னு ஒன்னு. அதை அமுக்கினா அந்த லேபிள் மட்டும் மேல போகாது, அந்த குரூப்ல இருக்கற மத்த ப்ராஜெக்ட்ல எல்லாம் அதே பேர்ல இருக்கற லேபிளையும் இழுத்துட்டு வந்து ஒன்னாக் கலந்துரும், குரூப்ல ஏற்கனவே அதே பேர்ல ஒன்னு இருந்தா அதையும் சேத்து. இஷ்யூ, மெர்ஜ் ரிக்வெஸ்ட், போர்டுல இருக்கற லிஸ்ட், லேபிளை ஃபாலோ பண்றவங்க நோட்டிஃபிகேஷன், எல்லாம் புதுசுக்கு மாறிடும். ஒரு இஷ்யூ கூட லேபிள் இல்லாம அம்போன்னு நிக்காது. நான் பயந்துட்டே பக் லேபிள்ல அமுக்குனேன், என் ரெண்டு பக்கும் மத்த ப்ராஜெக்ட் பக்கும் எல்லாம் சேந்து ஒரே பக் ஆயிருச்சு, ஒரு வாரமா சுமந்த பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு.

ஆனா ரெண்டு விஷயம் கவனம். ஒன்னு, இதை ரிவர்ஸ் பண்ண முடியாது, அமுக்கினதும் வர்ற பெட்டிலயே எழுதியும் இருக்கும், படிக்காம ஓகே குடுக்காதீங்க. இன்னொன்னு, பேரு எழுத்துக்கு எழுத்து ஒன்னா இருந்தா தான் கலக்கும். கேபிடல் வேற ஸ்மால் வேற. அதனால அமுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ப்ராஜெக்ட்லயும் போய் பேரை மட்டும் மாத்தி ஒரே மாதிரி ஆக்கிடணும், ஷோஸ்டாப்பரை கிரிட்டிக்கல்னு ரீநேம் பண்ணா அதை ஒட்டின எல்லா இஷ்யூலயும் தானா மாறிடும், அது ஒன்னும் கஷ்டமில்ல. கஷ்டம் எங்கன்னா ஒரே ப்ராஜெக்ட்ல கேபிடல்ல ஒன்னும் ஸ்மால்ல ஒன்னும் ரெண்டுமே இருந்தா, ரீநேம் பண்ணப் போனா இந்தப் பேரு ஏற்கனவே இருக்குன்னு திட்டும். அப்போ இஷ்யூ லிஸ்ட்ல பல்க் எடிட் (பல இஷ்யூவை ஒரே நேரத்துல மாத்தறது) போட்டு ஒன்னுல இருந்து இன்னொன்னுக்கு மாத்திட்டு பழசை டெலீட் பண்ணணும், மூடின இஷ்யூவையும் மறக்காம சேத்து. எனக்கு இப்படி நாலஞ்சு சிக்குச்சு.

இப்ப சொல்றேன், டூல்ல செய்யற வேலை எல்லாம் ஒரு மத்தியானத்துல முடிஞ்சிருச்சு. அதுக்கு முன்னாடி நாங்க பேசின பேச்சு இருக்கே, அது மூணு நாள். எந்தப் பேரை வைக்கறது? மொபைல் டீம் அண்ணா ஷோஸ்டாப்பரை விடவே மாட்டேன்னுட்டாரு, அது எங்க அடையாளம்ங்கற அளவுக்குப் பேசுனாரு. வெப்காரங்க பி1, பி2 தான் நியாயம்னாங்க. பேசப் பேச தான் தெரிஞ்சுது, சண்டை பேருக்கே இல்ல. எவ்ளோ சேதாரம்ங்கறதுக்கும் எவ்ளோ சீக்கிரம் முடிக்கணும்ங்கறதுக்கும் ஒரே லேபிளை வச்சு ஓட்டிட்டு இருந்திருக்கோம். லோகோல ஒரு எழுத்து தப்பா இருந்தா சேதாரம் ஒன்னுமில்ல, ஆனா நாளைக்கு டெமோன்னா அது தான் முதல்ல முடிக்கணும். அதை ஒருத்தர் கிரிட்டிக்கல்னுவாரு, இன்னொருத்தர் மைனர்னுவாரு, ரெண்டு பேரும் சரி. கடைசில சேதாரத்துக்கு மூணு லேபிள், அவசரத்துக்கு மூணு, என்ன வகைங்கறதுக்கு நாலு, இப்ப எந்த நிலைமைல இருக்குங்கறதுக்கு அஞ்சுன்னு வெட்டிக் குறைச்சோம். முன்னாடி எல்லா ப்ராஜெக்ட்டையும் சேத்து நூத்துக்கு மேல இருந்துச்சு, அதுல டெஸ்ட்னு பேர் வச்சு டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு அப்படியே விட்டதே ஒரு டஜன் தேறும்.

டிஸ்க்ரிப்ஷன் கட்டத்தை யாரும் நிரப்பறதே இல்ல, நாங்களும் முன்னாடி அப்படித் தான். இப்ப கிரிட்டிக்கலுக்கு "பணம் தப்பாக் கணக்காகுது, இல்ல லாகின் ஆக முடியல, இல்ல டேட்டா காணாமப் போகுது, இதுல ஒன்னும் இல்லன்னா இது கிரிட்டிக்கல் இல்ல"ன்னு எழுதி வச்சிருக்கேன். லேபிள் மேல மவுஸை வச்சா அது தெரியும். அதுக்கப்புறம் கிரிட்டிக்கல் பத்தின வாக்குவாதம் பாதியாக் கொறைஞ்சிருச்சு, மீதிப் பாதி மனுஷ சுபாவம், அதுக்கு வெர்ஷன் அப்டேட் எல்லாம் கிடையாது.

லேபிளுக்குத் தமிழ்லயே பேர் வைக்கலாம், எந்தப் பிரச்சனையும் இல்ல. பேக்லாக்ல, அதாவது இன்னும் எடுக்காத வேலை லிஸ்ட்ல, தூங்கறதுக்கு எல்லாம் "அப்புறம் பாத்துக்கலாம்"னு சாம்பல் கலர்ல ஒன்னு வச்சோம். க்ளையன்ட்டுக்கு அனுப்பற ரிப்போர்ட்ல இது போயிருமேன்னு ஒருத்தர் பதறுனாரு, ஓட்டெடுப்பு வச்சோம், லேபிள் ஜெயிச்சிருச்சு. கமென்ட்ல ஸ்லாஷ் லேபிள்னு (/label) அடிச்சு டில்டா (~) போட்டுப் பேரை அடிச்சா ஒட்டிக்கும், மவுஸையே தொட வேணாம். ஒரு வார்த்தைக்கு மேல இருக்கற பேருன்னா அதை மேற்கோள் குறிக்குள்ள போடணும். எங்க தமிழ் லேபிள் ரெண்டு வார்த்தை, அதனால அதைக் கையால முழுசா அடிக்கறவங்க யாரும் இல்ல, ஆட்டோ கம்ப்ளீட்ல தேர்ந்தெடுக்கறதோட சரி.

பலன் எங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதுன்னா குரூப் போர்டுல தான். குரூப் லெவல்ல போர்டு போட்டா அதுல குரூப் லேபிளை மட்டும் தான் லிஸ்ட்டா வைக்க முடியும், ப்ராஜெக்ட் லேபிளை வைக்க முடியாது, அதனால தான் முன்னாடி எங்களால அந்தப் பக்கமே போக முடியல. இப்ப 11 ப்ராஜெக்ட் கார்டும் ஒரே திரைல. டெஸ்டிங்க்ல இருந்து ரெடின்னு ஒரு கார்டை இழுத்து விட்டா பழைய லேபிள் கழண்டு புதுசு ஒட்டிக்குது. இன்னொரு சின்ன சந்தோஷம், மொபைல்ல போட்ட பக் கடைசில பில்லிங் சர்வீஸ் தப்புன்னு தெரிஞ்சு இஷ்யூவை அங்க மூவ் பண்ணுவோம்ல, முன்னாடி அந்தப் பேர்ல அங்க லேபிள் இல்லன்னா அது வழில விழுந்துரும், மொட்டையாப் போய்ச் சேரும். இப்ப லேபிள் ரெண்டு பக்கமும் ஒன்னுங்கறதால அப்படியே போகுது. அடுத்த ரிலீஸ்ல மேனேஜர் அதே கேள்வி கேட்டப்ப நான் போர்டைப் பாத்து உடனே நம்பர் சொன்னேன். "சரி, எப்ப முடிப்பீங்க?"ன்னு கேட்டாரு. அதுக்கு எக்செல்லே தேவலாம், ஒன்னேகால் மணி நேரமாவது கெடச்சிட்டு இருந்துச்சு.

இனி குறை. பெரிய குறை காசு சம்பந்தப்பட்டது. ஒரே இஷ்யூல கிரிட்டிக்கலும் மைனரும் ரெண்டையும் ஒட்டலாம், யாரும் கேக்க மாட்டாங்க. அதைத் தடுக்கறதுக்கு ஸ்கோப்டு லேபிள்னு ஒன்னு இருக்கு, 2019 ஏப்ரல்ல 11.10ல வந்தது, பேருக்கு நடுவுல ரெட்டை கோலன் போட்டு சேதாரம்::கிரிட்டிக்கல், சேதாரம்::மைனர்னு வச்சா ஒன்னைப் போட்டதும் இன்னொன்னு தானா விலகிடும். இது மூணு நாள் சண்டை போட்டு நாலு வகையாப் பிரிச்ச எங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. ஆனா ப்ரீமியம்ல தான். ஆளுக்கு மாசம் 29 டாலர்னு போட்டிருக்காங்க, எங்க முதலாளிகிட்ட அதைச் சொன்னா என்னையே அப்புறம் பாத்துக்கலாம் லேபிள்ல சேத்துருவாரு. ஃப்ரீல ரெட்டை கோலன் போட்டுப் பேர் வைக்கலாம், வெறும் பேரா நிக்கும், ஒன்னை ஒன்னு தள்ளாது. நாங்க அப்படித் தான் வச்சிருக்கோம், ரெண்டு ஒட்டினதைக் கண்டுபிடிக்க வாராவாரம் வெள்ளிக்கிழமை நான் ஃபில்டர் போட்டுப் பாக்கறேன். குரூப் போர்டும் ஃப்ரீல ஒன்னே ஒன்னு தான். டெஸ்டிங்குக்குத் தனி, சப்போர்ட்டுக்குத் தனின்னு கேட்டா மறுபடியும் அந்த 29 டாலர் கதை தான்.

லேபிள் ப்ரையாரிட்டி, அதாவது எந்த லேபிள் முக்கியம்னு மேல கீழ இழுத்து வரிசைப்படுத்தறது, அது இன்னும் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனித்தனி. லேபிள் பொது, வரிசை மட்டும் தனி. 11 தடவை நட்சத்திரத்தை அமுக்கி 11 தடவை இழுத்து வச்சேன். இதுக்குக் காரணம் இருக்கு, ஒரு டீமுக்கு முக்கியமானது இன்னொரு டீமுக்கு இருக்காது, அது நியாயம் தான், ஆனா மேல ஒரு தடவை வச்சிட்டு வேணும்னா கீழ மாத்திக்கற மாதிரி இருந்தா என் மணிக்கட்டு வாழ்த்தும்.

டெலீட்ல உஷார். குரூப் லேபிளை டெலீட் பண்ணா எல்லா ப்ராஜெக்ட்லயும் எல்லா இஷ்யூல இருந்தும் போயிரும், திரும்ப வராது. முன்னாடி ஒருத்தர் தப்பு பண்ணா ஒரு ப்ராஜெக்ட் போச்சு, இப்ப ஒரே க்ளிக்ல பதினொன்னும் போகும். அதனால குரூப் லெவல் அனுமதியை நாலு பேருக்கு மட்டும் வச்சிட்டோம். இதுல ரெண்டு பேர் கோச்சுக்கிட்டாங்க, அவங்கவங்க ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் தனி லேபிள் வேணும்னா வச்சுக்கோங்க, அதை யாரும் தடுக்கலன்னு சமாதானம் சொன்னேன். மொபைல் டீம்ல ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ்னு ரெண்டு லேபிள் அப்படித் தான் அங்கயே இருக்கு. அது பில்லிங்காரனுக்கு எதுக்கு? எல்லாத்தையும் மேல ஏத்தினா டிராப் டவுன் ரேஷன் கடை க்யூ மாதிரி ஆயிரும்.

மத்த டூல்ல எப்படின்னு கேப்பீங்க. கிட்ஹப்ல லேபிள் ஒவ்வொரு ரிப்போவுக்கும் (அங்க ப்ராஜெக்ட்டுக்கு அது தான் பேரு) தனித்தனி, ஆர்கனைசேஷன்ல டிஃபால்ட் லேபிள் செட் பண்ணலாம், ஆனா அது இனிமே பொறக்கற ரிப்போவுக்கு மட்டும், எங்க அட்மின் அண்ணாவோட ஜெராக்ஸ் கதை தான். 2025ல ஆர்கனைசேஷன் முழுக்கப் பொதுவா இஷ்யூ டைப்னு கொண்டு வந்திருக்காங்க, பக், டாஸ்க், ஃபீச்சர்னு பிரிக்கறதுக்கு அது போதும், லேபிளுக்கு மாத்து இல்ல. ஜிரா நேர் எதிர், அங்க லேபிள்னாலே சைட் முழுக்கப் பொது, ஆனா கேட்டே இல்லாத காம்பவுண்ட், யார் எதை அடிச்சாலும் அது ஒரு புது லேபிள், பேர்ல ஸ்பேஸ் வராது, கேபிடல் ஸ்மால் வேற வேற, ஸ்பெல்லிங் தப்பும் நிரந்தரக் குடியுரிமை வாங்கிரும். கிட்டியால ஆர்கனைசேஷன் லேபிள் இருக்கு, இலகுவான சர்வர் வேணும்ங்கறவங்க அதைப் பாக்கலாம். பொதுவும் தனியும் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கறதும், பழைய குப்பையை அள்ளி ஒன்னாச் சேக்க ஒரு பட்டன் இருக்கறதும் சேத்துப் பாத்தா நான் கிட்லேப் பக்கம் தான். அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஸ்கோப்டு லேபிள் ஃப்ரீல இருந்திருந்தா நாலரை.

ரெண்டு ப்ராஜெக்ட் மட்டும் இருக்கறவங்க இதுக்காக மெனக்கெட வேணாம். நாலஞ்சைத் தாண்டிட்டா இன்னிக்கே ஆரம்பிங்க, என்னை மாதிரி குரூப்ல புதுசா உருவாக்காம, கீழ பேரை எல்லாம் சரி பண்ணிட்டு அப்புறம் ப்ரோமோட் பண்ணுங்க. எந்த ப்ராஜெக்ட்ல இருந்து ப்ரோமோட் பண்றீங்களோ அந்தக் கலரும் டிஸ்க்ரிப்ஷனும் தான் மேல போகும், அதனால அழகா எழுதி வச்ச ப்ராஜெக்ட்டாப் பாத்து அங்க இருந்து அமுக்குங்க. முன்னாடி நாள் பேக்கப் எடுத்துட்டாங்களான்னு அட்மின்கிட்ட ஒரு வார்த்தை.

எங்களுக்கு இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. அந்தக் குட்டி சர்வீஸ்ல ரெண்டு, வேலையை விட்டுப் போன ஒருத்தரோட பர்சனல் அக்கவுன்ட்டுக்கு கீழ கெடக்குன்னு போன வாரம் தான் கண்டுபிடிச்சோம், நான் சொன்ன 11ல அது சேராது. மேல குரூப்பே இல்லாததால ப்ரோமோட்டும் இல்ல, எங்க லேபிளும் அங்க தெரியாது, முதல்ல ப்ராஜெக்ட்டை எங்க குரூப்புக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ணணும். சனிக்கிழமை வந்து மாத்தித் தரேன்னு அட்மின் அண்ணா சொல்லியிருக்காரு. அதுக்குள்ள எட்டிப் பாத்தேன், மொத்தம் மூணே லேபிள், மூணுக்கும் டிஸ்க்ரிப்ஷன் இல்ல, ஒன்னோட பேரு வெறும் கேள்விக்குறி.